சந்தா நின்றால் கட்டுரை எங்கிருந்து வரும்?

நூலகம் ஆய்விதழ்ச் சந்தாவைக் குறைக்கப் போகிறது என்று சுற்றறிக்கை வந்தால், துறைகளில் எழும் முதல் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். பல்கலைக்கழகம் கூடுதலாக ஒதுக்க வேண்டும், அரசு கைகொடுக்க வேண்டும், நம் துறை இதழ்களில் மட்டும் கைவைக்கக் கூடாது. இவை நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் இவை எல்லாமே வாசகர் என்ற இடத்தில் நின்று கேட்பவை. கல்வியாளருக்கு இன்னோர் இடமும் உண்டு. அந்த இதழ்களில் வரும் கட்டுரைகளை எழுதுகிறவர் அவர்தாம். பிறர் அனுப்பிய கட்டுரைகளைப் படித்துத் தகுதி பார்த்துச் சொல்கிறவரும், பல இதழ்களின் ஆசிரியர் குழுவில் அமர்ந்திருக்கிறவரும் அவர்தாம். சந்தாக் குறைப்பைத் தாக்குப்பிடிக்கும் வழி இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். சந்தாவை நிறுத்திய பெரிய பல்கலைக்கழகங்கள் முடங்கிப் போகவில்லை. அதற்கு முக்கியமான காரணம், உலகின் பல மூலைகளில் கட்டுரை எழுதியவர்கள் தங்கள் பிரதியை யாரும் படிக்கும்படி பொதுவில் வைத்திருந்ததுதான். நாமும் அப்படி வைக்காதவரை எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது.

விலை எப்படி இவ்வளவு ஏறியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1990-களின் நடுவில் இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது, தனித்தனி இதழுக்குச் சந்தா கட்டும் முறை மெல்ல மறைந்தது. ஒரு பதிப்பகத்தின் எல்லா இதழ்களையும் மொத்தமாகப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கும் முறை வந்தது. 1996-இல் அகாடமிக் பிரஸ் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த முறைக்கு 'பிக் டீல்' என்று பெயர். 2001-லேயே விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலக இயக்குநர் கென்னத் ஃபிரேசியர் இதன் ஆபத்தை எழுதிவிட்டார். நல்ல இதழோடு யாரும் தொடாத இதழும் சேர்ந்து வரும், நாளை நிதி குறைந்தால் வேண்டாததை மட்டும் வெட்டிவிட முடியாது என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். அது பலித்தது. 2012-இல் உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகமான ஹார்வர்டின் பேராசிரியர் ஆலோசனைக் குழுவே, இந்த விலையைத் தொடர்ந்து கொடுக்க இயலாது என்று பகிரங்கமாக அறிவித்தது. சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர் வரை போனது. இரண்டு பதிப்பகங்களின் இணைய இதழ் விலை 6 ஆண்டுகளில் சுமார் 145 சதவீதம் ஏறியிருந்தது. வின்சென்ட் லாரிவியேரும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் உலகில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்தே பதிப்பகங்களின் கையில் இருந்தன. ஒரு கட்டுரைக்கு மாற்றாக இன்னொரு கட்டுரையைப் படிக்க முடியாது. அதனால் இந்தச் சந்தையில் விற்பவர் சொன்னதே விலை.

வெட்டு விழும்போது நூலகரின் மேசையில் ஓர் எக்செல் தாள் இருக்கும். இதழின் பெயர், ஆண்டுச் சந்தா, ஓராண்டில் எத்தனை முறை கட்டுரைகள் இறக்கப்பட்டன, ஒரு பதிவிறக்கத்துக்கு என்ன செலவு என்று நான்கு பத்திகள். எடுத்துக்காட்டுக்கு, 3,000 டாலர் சந்தாவுள்ள ஓர் இதழிலிருந்து 12 கட்டுரைகள்தாம் இறக்கப்பட்டன என்றால் ஒரு கட்டுரைக்கு 250 டாலர் ஆகிறது. அந்த வரிசை சிவப்பு நிறத்துக்குப் போய்விடும். அந்த 12 பதிவிறக்கமும் கல்வெட்டியலோ செடிகொடி வகைப்பாட்டியலோ படிக்கும் ஒரே ஆய்வு மாணவருடையதாக இருக்கலாம். முந்நூறு மாணவர்கள் பாடத்துக்காக இறக்கிய பொது இதழும் அவருடைய இதழும் அந்தத் தாளில் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. இங்கே ஆசிரியர்கள் செய்ய வேண்டிய உடனடி வேலை ஒன்று உண்டு. பட்டியல் முடிவாகும் முன்பே துறை கூடி, எந்த இதழ் நின்றால் எந்த ஆய்வு நிற்கும் என்று நூலகருக்கு எழுதித் தர வேண்டும். சிறிய துறைகளைக் காக்க எண்ணிக்கையால் முடியாது. எழுதித் தந்த காரணம்தான் காக்கும். பெரும்பாலும் இது நடப்பதில்லை. வெட்டு விழுந்த பிறகுதான் துறைகள் நூலகரிடம் போய்ச் சத்தம் போடுகின்றன. நூலகர் நம் எதிரியல்லர் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 10 வளாகங்கள் கொண்ட அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் மொத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எழுதுகிறது. எல்செவியர் பதிப்பகத்துக்கு அது ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டிவந்தது. அதன் ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளை உலகமே படிக்கும்படி திறந்துவிட வேண்டும், அதற்கான செலவைச் சந்தாவுக்குள்ளேயே அடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் நிலை. பேச்சு முறிந்து, 2019 பிப்ரவரி 28 அன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஜூலை 10 அன்று புதிய கட்டுரைகளுக்கான வழி அடைக்கப்பட்டது. ஆகஸ்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் 30-க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள், எல்செவியரின் புகழ்பெற்ற 'செல்' குழும இதழ்களின் ஆசிரியர் குழுப் பணியை நிறுத்திவைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும், அடுத்த ஆண்டு நோபல் பெறவிருந்த ஜெனிஃபர் டௌட்னாவும் அவர்களில் இருந்தார்கள். வாசகராக இல்லாமல் உழைப்பாளராக நின்று கல்வியாளர்கள் எடுத்த முடிவு அது. சுமார் இரண்டாண்டு கழித்து, 2021 மார்ச் 16 அன்று, பல்கலைக்கழகம் கேட்டதை ஒட்டியே புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த இடைக்காலத்தில் ஆய்வு எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 2018 வரை வெளியான கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைத் தொடர்ந்து படிக்கும் நிரந்தர உரிமை பழைய ஒப்பந்தங்களிலேயே இருந்தது. புதியவற்றுக்கு, பிற நூலகத்திலிருந்து கடனாக ஒரு பிரதி தருவிக்கும் வசதி இருந்தது. நூலகர்கள் அதற்கு ஆள்பலத்தோடு தயாராக இருந்தும், எதிர்பார்த்த அளவுக்குக் கோரிக்கைகள் குவியவில்லை. பலர் தேடிய கட்டுரை ஏற்கெனவே எங்கேனும் சட்டப்படி இலவசமாகக் கிடைத்தது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைத் தனிப்பட்ட ஊகமாகச் சொல்லவில்லை. ஹெதர் பிவோவரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 2015-இல் வெளியான கட்டுரைகளில் 45 சதவீதம் இலவசமாகப் படிக்கக் கிடைத்ததாகக் கணக்கிட்டது. 'அன்பேவால்' என்ற உலாவிக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் தேடிய கட்டுரைகளிலோ 47 சதவீதம் இலவசமாகக் கிடைத்தன. அன்பேவால் தரவுகளை வைத்துத்தான் 64 வளாகங்கள் கொண்ட நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2020-இல் எல்செவியரின் சுமார் 2,200 இதழ்கள் கொண்ட தொகுப்பை விட்டுவிட்டு, 248 இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 50 முதல் 70 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று அது மதிப்பிட்டது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்வது உண்மையாகாது. ஸ்வீடன் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 2018 ஜூன் இறுதியில் எல்செவியர் ஒப்பந்தத்தை விட்டபோது, அந்நாட்டு ஆய்வாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வேலை பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கடனாகத் தருவித்த பிரதி வந்து சேர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, இது வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும் இயல்பான வாசிப்பு அதில் கெட்டுப்போகிறது. இந்த இழப்பு உண்மையானது. ஆனால் அது எந்தக் கட்டுரைகளால் நேர்ந்தது என்று கேட்க வேண்டும். எழுதியவர் தம் பிரதியை எங்கும் வைக்காத கட்டுரைகளால்தான் நேர்ந்தது.

அந்தப் பிரதி எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டுரை ஒன்று இதழுக்குப் போகிறது. ஊதியம் வாங்காத இருவர் படித்துக் குறை சொல்கிறார்கள். எழுதியவர் திருத்தி அனுப்புகிறார். ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது. அந்த நிமிடத்தில் அவருடைய கணினியில் ஒரு வேர்டு கோப்பு இருக்கும். இரட்டை இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், படங்கள் எல்லாம் கடைசியில். இதழின் முத்திரையோ பக்க எண்ணோ அழகான இரட்டைப் பத்தி அமைப்போ அதில் இல்லை. ஆனால் வாதம், தரவு, அட்டவணை, ஒப்பாய்வில் வந்த திருத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. இதைத்தான் ஏற்புப் பிரதி என்கிறோம். பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் இந்தப் பிரதியை ஆசிரியர் தம் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்க, உடனடியாகவோ குறிப்பிட்ட தடைக்காலத்துக்குப் பிறகோ, அனுமதிக்கின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று காட்ட 'ஷெர்பா ரோமியோ' என்ற பெயரில் தொடங்கிய தரவுத்தளம் பல ஆண்டுகளாக இணையத்தில் இருக்கிறது. தடைக்காலமும் வேண்டாம் என்று 2008 பிப்ரவரியில் ஹார்வர்டு கலை அறிவியல் புலத்தின் ஆசிரியர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். கட்டுரையைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கும் முன்பே, அதைப் பரப்பும் பொது உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிடுகிறோம் என்பது அது. கலிபோர்னியா ஆசிரியர் பேரவை 2013-இல் இதே வழியில் போயிருந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2008 முதல் தன் நிதியில் நடந்த ஆய்வின் ஏற்புப் பிரதியைக் கேட்டு வாங்கி, 12 மாதத்துக்குள் திறந்துவைத்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது கலைப் புலங்களிலிருந்து வருகிறது. வரலாற்றிலும் இலக்கியத்திலும் பக்க எண் இல்லாமல் மேற்கோள் காட்ட முடியாது. களஞ்சியங்களில் இந்தத் துறைக் கட்டுரைகள் குறைவு. நாற்பது ஆண்டு பழைய கட்டுரையும் இங்கே உயிருள்ளது. மூன்றும் சரி. பழைய கட்டுரை உயிருள்ளது என்பதால்தான், இந்தத் துறையினர் ஒப்பந்தத்தின் நிரந்தர உரிமைப் பிரிவை மற்றவர்களைவிடக் கூர்ந்து படிக்க வேண்டும். சந்தா நின்றாலும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நம்மிடம் இருக்குமா என்பதை அந்த ஒரு பிரிவுதான் முடிவுசெய்கிறது. பக்க எண்ணுக்கு மட்டும் வெளியான வடிவத்தைக் கடனாகத் தருவித்துச் சரிபார்க்கலாம்; வாசிப்பதற்கும் வாதிப்பதற்கும் ஏற்புப் பிரதி போதும். ஜேஸ்டோர் என்ற இதழ்த் தொகுப்புத் தளத்தில் தனிநபர் இலவசக் கணக்கு எடுத்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' தளம் திறந்து வைத்திருக்கிறது. அச்சில் பத்துப் பக்கமாகச் சுருங்கிய கட்டுரையின் முழுத் தரவு பலமுறை அந்த ஆய்வேட்டின் இயல்களில் விரிவாகக் கிடைக்கும். களஞ்சியத்தில் குறைவு என்ற புகாருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் துறையினரே. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் தங்கள் கட்டுரைகளை வைத்துவருகிறார்கள். அவர்களுடைய சங்க இதழ்கள் அதனால் மூடப்படவில்லை. பிரதி பொதுவில் கிடைத்தால் அறிஞர் சங்கங்களின் வருமானம் போய்விடும் என்ற அச்சத்துக்கும் இந்த முப்பது ஆண்டு அனுபவமே விடை.

பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று வெளிப்படையாகக் கேட்பவர்களும் உண்டு. 2011-இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கிய அந்தத் தளம் எத்தனையோ ஆய்வாளர்களுக்குக் கதவு திறந்தது. அவர்களை நான் குற்றவாளிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துறை தன் வாசிப்பை அதன்மேல் கட்ட முடியாது. 2020 டிசம்பரில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. களஞ்சியத்தில் எழுதியவரே வைத்த பிரதியை யாரும் இப்படி முடக்க முடியாது. அதைவிட முக்கியமான வேறுபாடும் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் நூலகர் திருட்டுப் பிரதியைக் காட்டி விலை பேச முடியாது. சட்டப்படி பொதுவில் உள்ள கட்டுரைகளின் கணக்கைக் காட்டிப் பேச முடியும்.

அடுத்து, சந்தாவுக்குப் பதிலாக, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டுரையைத் திறந்துவிடலாம் என்ற யோசனை. ஜெர்மனியும் ஸ்வீடனும் போட்ட ஒப்பந்தங்கள் இந்தத் திசையில்தான் போயின. கலிபோர்னியாவும் இந்த வழியில்தான் சமரசம் கண்டது. அதன் 2021 ஒப்பந்தப்படி, கட்டணத்தின் முதல் 1,000 டாலரை நூலகம் கட்டியது. இதில் எனக்கு ஆழ்ந்த தயக்கம் உண்டு. 2021 முதல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த வடிவில் வெளியிட 9,500 யூரோ என்று விலை வைத்தார்கள். திட்ட நிதி எதுவும் இல்லாத ஒரு கல்லூரி ஆசிரியரின் பல மாதச் சம்பளம் அது. படிக்க முடியாமல் வெளியே நின்றவர், இனி எழுத முடியாமல் வெளியே நிற்பார். கட்டணம் அநியாயமாக ஏறும்போது கல்வியாளர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு 2023 ஏப்ரலில் 'நியூரோஇமேஜ்' இதழின் ஆசிரியர்கள் வழிகாட்டினார்கள். கட்டுரைக்கு 3,450 டாலர் என்ற விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் எல்செவியர் மறுத்ததால், ஆசிரியர் குழுவினர் அனைவரும் விலகி 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். ஏற்புப் பிரதியை வைப்பதற்கோ எழுதுகிறவர் காசு கட்ட வேண்டியதில்லை. ஏழை நிறுவனத்துக்கும் பணக்கார நிறுவனத்துக்கும் அது ஒரே விலை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு தேவையா என்று கேட்கலாம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அந்தத் திட்டம், 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் தருகிறது. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மாணவருக்கு இது பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடக்கக் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான் வாய்ப்பு. தனியார் கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் அது எத்தனை ஆசிரியர்களை வெளியே விட்டுவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலும் இது மூன்றாண்டுச் சந்தா. 2027 முடிவில் பதிப்பகங்கள் அதிக விலை கேட்டால், இந்தியா என்ன செய்யும்? கலிபோர்னியாவால் எழுந்து வெளியே போக முடிந்தது. போன பிறகும் ஆய்வு நடக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நாம் எழுந்து போக முடியுமா என்பது, உலகம் நமக்காக வைத்துள்ள பிரதிகளோடு நாம் வைத்துள்ள பிரதிகளையும் பொறுத்தது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இருக்கும் நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல.

நமக்கு இது புதிதும் அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002-லேயே களஞ்சியம் தொடங்கியது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில், தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் பிரதியைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. சென்னையிலிருந்து தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் இதையே பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். கொள்கை இருந்தும் களஞ்சியங்கள் ஏன் நிரம்பவில்லை? ஆசிரியருக்கு நேரமில்லை, யாரும் கேட்பதில்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் பதவி உயர்வில் வேறுபாடு இல்லை. இளம் ஆசிரியர்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்றாதீர்கள் என்ற மறுப்பும் இங்கிருந்தே எழுகிறது. புகழ்பெற்ற இதழைப் புறக்கணிக்கச் சொன்னால் அந்த மறுப்பு சரி. நிரந்தர வேலை கிடைக்காத ஒருவரிடம் அதைக் கேட்பது அநீதி. ஏற்புப் பிரதியை வைப்பது அப்படிப்பட்ட தியாகம் அல்ல. அவர் விரும்பிய இதழிலேயே வெளியிடலாம். கோப்பை நூலகருக்கு அனுப்பினால் உரிமை சரிபார்க்கும் வேலையை நூலகம் பார்த்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம், பெர்னார்ட் ரான்டியே தலைமையில், 2008-இல் தொடங்கிய தன் களஞ்சியத்தில் வைக்கப்பட்ட கட்டுரைகளை மட்டுமே உள் மதிப்பீட்டுக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் எடுப்போம் என்று விதி செய்தது, களஞ்சியம் நிரம்பியது. நம் பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வு விண்ணப்பத்தில் இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் என்று பத்திகள் இருக்கின்றன. களஞ்சிய இணைப்பு என்று இன்னொரு பத்தியைச் சேர்த்து, அது காலியாக இருக்கும் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை என்று ஆட்சிக்குழு முடிவெடுக்கலாம். இதற்குப் புதுதில்லியின் அனுமதி தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. 2027 டிசம்பருக்குள் அந்தப் பத்தி விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும் என்று இந்த அவையிலுள்ள துறைத்தலைவர்களையும் ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.